மார்கழியில் போட்ட விண்ணப்பம்

தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டியைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அது சாமி படங்களுக்கும் டிவிக்கும் நடுவில் தொங்கியது. தாளைக் கிழிக்கிற உரிமை பெரியப்பாவுக்கு மட்டும்தான். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, பழைய தாளைச் சர்ரென்று கிழித்துவிட்டு, புதுத் தாளில் இருக்கும் நல்ல நேரம், ராகுகாலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பவர் மாதிரி உரக்கப் படிப்பார். காபி குடித்துக்கொண்டிருப்பவர்களும் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் கேட்டே ஆக வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க நான் விண்ணப்பம் போட நினைத்த வருடம், இந்த மனிதர் என் வாழ்க்கையையும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஓட்டப் பார்த்தார்.

எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது கடைகளும் வாடகை வீடுகளும் விளைகின்றன. கீழ்த்தளத்தில் பெரியப்பா குடும்பம், முதல் தளத்தில் நாங்கள், பின்பக்கம் தனிக் கட்டடத்தில் குடித்தனக்காரர்கள். சொத்து பிரிக்கப்படவில்லை. அதனால் யாருக்கு எப்போது கல்யாணம், யார் எந்த வண்டி வாங்கலாம், யார் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்பதும் பிரிக்கப்படவில்லை. எல்லாமே பெரியப்பாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும். என் அப்பா அவருக்குத் தம்பி. தம்பியாக இருப்பதையே ஒரு முழுநேர வேலையாகப் பார்த்தவர்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. மேடவாக்கம் நெரிசலில் தினமும் போக ஒரு பாடு, வர ஒரு பாடு. அதற்கான நுழைவுப் பரீட்சையை யாரிடமும் சொல்லாமல் ஆனி மாதமே எழுதி முடித்திருந்தேன். நல்ல மதிப்பெண். மிச்சம் இருந்தது எப்போது விண்ணப்பிப்பது என்பதுதான். நான் குறி வைத்திருந்த பிசினஸ் ஸ்கூல் மூன்று சுற்றுகளாக ஆள் எடுக்கும். முதல் சுற்றுக்குச் செப்டம்பர் கடைசி, இரண்டாவதற்கு ஜனவரி ஆரம்பம், மூன்றாவதற்கு ஏப்ரல். மூன்றாவதில் மிச்சம் மீதிதான் கிடைக்கும். முதல் சுற்றில் போட்டால் டிசம்பரிலேயே முடிவு தெரியும். எனக்கு அந்த டிசம்பர்தான் முக்கியம். ஏனென்றால் தை பிறந்ததும் எனக்கு நிச்சயதார்த்தம் என்று கீழ்த்தளத்தில் ஏற்கெனவே பேச்சு. குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன். தையில் தட்டு மாற்றினால் வைகாசியில் கல்யாணம், அதற்குப் பிறகு நான் எந்தச் சுற்றிலும் இல்லை. கையில் அட்மிஷன் கடிதம் இருந்தால் மட்டும்தான் எனக்குச் சண்டை போடவே ஒரு பிடி கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரைப் பற்றியும் கேட்கவில்லை. நாள்காட்டி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மொத ரவுண்டு எப்ப?"

"செப்டம்பர் கடைசில, பெரியப்பா."

"புரட்டாசி. மகாளயபட்சம் வேற வந்துகினு கீது. வேணாம். அட்த்தது?"

"ஜனவரி ஆரம்பத்துல."

"மார்கழி. அதுவும் ஆவாது. தை மாசத்துல இன்னா கீது?"

"தைல ஒண்ணும் இல்ல."

"இன்னாம்மா, அவ்ளோ பெரிய ஸ்கூல்ன்ற, தை மாசத்துல ஒரு தேதி வெக்கத் தெரில அவனுங்களுக்கு? ஒரு ஃபோன் போட்டு சொல்லு. ரெண்டு வாரம் தள்ளி வெக்க மாட்டானா?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். பஸ் ஸ்டாப்பைத் தன் கடைகளுக்கு எதிரே நகர்த்தி வாங்கிய மனிதர் அவர். உலகத்தில் எல்லாத் தேதியும் யாரிடமாவது சொன்னால் நகரும் என்றுதான் நம்பினார். நான் சிரித்துவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்காத. நான் சொன்னா சொன்னதுதான். தை பொறக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

"அண்ணன் சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்றார் அப்பா. அவர் ஐம்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார், ஒரு முடிவுக்கும் வந்ததில்லை.

அம்மா காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள். "மொத ரவுண்டுல போட்டா எப்பத் தெரியும்?"

"டிசம்பர்லயே தெரிஞ்சிடும்மா."

"அவ்ளோ சீக்கிரமாவா?"

அவளாவது என் அவசரத்தைப் புரிந்துகொண்டாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் பெரியப்பாவின் தாளைக் கேட்பதாக இல்லை. விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான். யாருக்கும் தெரியாமல் என் அறையிலிருந்து அனுப்பிவிடலாம். கட்டுரைகளை எழுதி முடித்தேன். என்னால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான்: சிபாரிசுக் கடிதம். இப்போது யாருக்குக் கீழ் வேலை செய்கிறேனோ அந்த மேனேஜர் எழுதித் தர வேண்டும். அவருக்கு அந்த ஸ்கூல் நேரடியாக ஒரு லிங்க் அனுப்பும், அவர் அதில் போய் எழுத வேண்டும். எழுதிவிட்டாரா இல்லையா என்பது மட்டும் என் பக்கத்தில் தெரியும்.

இங்கேதான் என் தலையெழுத்து. என் மேனேஜர் எங்கள் வீட்டுக் குடித்தனக்காரர்.

மதுரைப் பக்கத்து மனிதர். வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தபோது, பின்கட்டில் மாடி காலியாக இருக்கிறது என்று நானேதான் வாயைக் கொடுத்தேன். ஆபீஸில் அவர் எனக்கு வேலை ஏவுவார், நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வீட்டு கேட்டைத் தாண்டினால் அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு ஓனர் வீட்டுப் பெண். திங்கட்கிழமை காலையில் என் ரிப்போர்ட்டில் தப்புக் கண்டுபிடித்த அதே மனிதர், சாயங்காலம் தண்ணீர் வரவில்லை என்று என் முன்னால் தலையைச் சொறிவார். எங்கள் ஆட்கள் குடித்தனக்காரர்களை நடத்துகிற விதம் அப்படி. பெரியப்பா பின்கட்டுப் படியை மிதித்ததே கிடையாது. 'குடி வெச்சவன் வாசல்ல போய் நிக்கறதா?' என்பார். மோட்டார், சாவி, கரண்ட் எல்லாவற்றுக்கும் அம்மாதான் ஏறி இறங்குவாள்.

மேனேஜரிடம் கேட்டேன். முகம் மலர்ந்து சரி என்றார். "நீ போக வேண்டிய ஆளும்மா. தாராளமா எழுதித் தர்றேன்." ஆவணி முடிந்தது. கடிதம் வரவில்லை. கேட்டேன். "இந்த வீக்கெண்ட் பண்ணிடறேன்." வரவில்லை. மறுபடி கேட்டேன். கிளையண்ட் கால், பையனுக்கு ஜுரம், லிங்க் திறக்கவில்லை. லிங்க்கை மறுபடி அனுப்ப வைத்தேன். கடைசி வாரம் முழுக்க ஆபீஸில் என்னைப் பார்த்தால் மீட்டிங் அறைக்குள் புகுந்துகொண்டார். புரட்டாசி பிறந்து, கெடுவும் வந்தது, போனது. என் கட்டுரைகள், என் மதிப்பெண், எல்லாம் தயாராக இருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகவே நின்றது. முதல் சுற்று அவ்வளவுதான். நான் அன்றைக்கு ஆபீஸ் கழிப்பறையில் நின்று அழுதேன். அழுததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நாலைந்து நாள் கழித்து மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். மேனேஜரின் மனைவியும் துணி மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வருத்தப்படாதம்மா. தை வந்ததும் மொத வேலையா எழுதித் தந்துடுவாரு. உங்க வீட்லேர்ந்துதான் சொல்லிட்டாங்களே."

"யாரு சொன்னதுக்கா? என்ன சொன்னாங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "தை வரைக்கும் லெட்டர் குடுக்க வேணாம்னு... உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா." துணியை வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியப்பா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். வேறு யார்? மறுநாள் ஆபீஸ் கேண்டீனில் மேனேஜரை மடக்கினேன். யார் காதில் விழுகிறது என்று பார்க்கவில்லை.

"எழுத முடியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேன்ல?"

"பையன் பத்தாவதும்மா. ஸ்கூல் பக்கத்துத் தெரு. இந்த வருஷம் வீடு மாத்தச் சொன்னா நான் எங்க போவேன்?"

"மாத்தச் சொன்னாங்களா?"

"சொல்லல. சொல்லிட்டா அப்பறம் என்ன பண்றது? என் இடத்துலேர்ந்து யோசிச்சுப் பாரு."

"உங்க இடமே எங்க இடம்தானே" என்றேன். குரூரமான பேச்சு. அப்போது அதைச் சொன்னது இனிப்பாகவே இருந்தது. அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு நாங்கள் மெயிலில் மட்டுமே பேசிக்கொண்டோம்.

வீட்டில் பெரியப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், எனக்கு இன்னும் விண்ணப்பம் போடும் எண்ணம் இருப்பது தெரிந்துவிடும். அவர் தாள் கிழிக்கும்போது மட்டும் எதிரே நின்று முறைப்பேன். அவர் கொடுத்த பிரசாதத்தை வாங்கிச் செடித்தொட்டியில் போட்டேன். அம்மாவிடம் மட்டும் அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். "இந்த மனுஷன் மூக்க நுழைக்காத எடம் ஒண்ணு இருக்கா சொல்லு?" என்பேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "மெதுவாப் பேசு, கீழ கேக்கும்" என்பாள்.

கார்த்திகையில் குரோம்பேட்டைக்காரர்கள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். பையன் நல்லவன்தான், என்னைப் பார்த்ததைவிட எங்கள் சீலிங்கைத்தான் அதிகம் பார்த்தான். ஃபால்ஸ் சீலிங் போடலாமே என்று அவன் அப்பா சொன்னார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தை முதல் முகூர்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பெரியப்பாவே முடித்துவிட்டார்.

மார்கழி பிறந்தது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நகராது. கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார்கள், புடவை எடுக்க மாட்டார்கள். பெரியப்பா விடிவதற்குள் கோயிலுக்குப் போய்விட்டு, பொங்கல் தின்றுவிட்டு, பகல் முழுக்க நிம்மதியாகத் தூங்குவார். நல்ல காரியம் எதையும் இந்த மாதத்தில் யாரும் செய்ய மாட்டார்கள் என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயம். காவலே போடாத மாதம் இது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது சுற்றின் கெடுவும் அதில்தான் விழுந்தது.

கடிதத்துக்கு என் பழைய டீம் லீடைப் பிடித்தேன். கோவளத்துப் பெண். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் எங்கள் கம்பெனியில் அத்தனை பேரையும் மேய்க்கிறவர். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். கரையில் படகு வந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலில் என் கதையைக் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தை மாசத்துக்குத் தள்ளி வெக்கச் சொன்னாரா? எங்கப்பா காத்தப் பாப்பாரு, இவரு காயிதத்தப் பாக்கறாரு. லிங்க்க அனுப்பு. இது எங்க சொந்த வூடு, எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலமே எழுதி முடித்துவிட்டார். தற்போதைய மேனேஜர் ஏன் எழுதவில்லை என்று விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். 'அவர் என் குடும்பத்தின் வாடகை வீட்டில் குடியிருக்கிறார், ஆகவே அவர் சுதந்திரமாக எழுத முடியாது' என்று எழுதினேன். அந்த விண்ணப்பத்திலேயே மிக உண்மையான வரி அதுதான்.

அனுப்புவதற்கு நாளும் நானே பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, ராகுகாலம், எனக்குச் சந்திராஷ்டமம். மூன்றும் ஒன்றாக விழுந்த நாள். பெரியப்பா காலையில் எச்சரிக்கையாக இரண்டு தடவை படித்தார். லீவு போட்டுவிட்டு, கீழே அவர் குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்போது அனுப்பினேன். வன்மம்தான். வன்மத்தில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பொங்கல் முடிந்ததும் பெரியப்பா கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார். தட்டு மாற்றுகிற தேதியைச் சொல்லிவிட்டு, பெருந்தன்மையாக என் பக்கம் திரும்பினார். "உன் படிப்புக்கு எதுனா போடணும்னா இப்ப போட்டுக்கோம்மா. தை பொறந்திச்சி."

"போட்டாச்சு பெரியப்பா. மார்கழியிலயே. ராகுகாலத்துல."

அப்பா சுவரைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "மார்கழில போட்டது எங்கமா வெளங்கப் போவுது?" என்றார். பங்குனியில் முடிவு தெரியும் என்றேன். "தெரியட்டும். அதுங்காட்டியும் பொறுத்துக்கச் சொல்றேன் அவங்கள. கெடைக்கலன்னு தெரிஞ்சா நீயும் ஒழுங்கா மணையில குந்துவ." எனக்குக் கிடைக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான் எனக்கு இரண்டு மாதம் கிடைத்தது.

பங்குனியில் இடம் கிடைத்தது. மெயிலைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன், அவர் ராகுகாலம் படிக்கிற அதே குரலில்.

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? அரை மணி நேரத்தில் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். குரோம்பேட்டைக்கு போன் போட்டு, பொண்ணு ஃபாரின் போகுது, வேற எடம் பாத்துக்கோங்க என்று பெருமையாகச் சொன்னார். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வர, ஒவ்வொருவரிடமும் ஒரே கதை. "மொத ரவுண்டுல போட்றன்னு குதிச்சிச்சி. நாந்தான் புரட்டாசில வேணாம்னு நிறுத்தி வெச்சேன். அதான் கெடச்சிச்சி."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆமா, நீங்கதான் நிறுத்தினீங்க. பின்கட்டு சார் கிட்ட லெட்டர் குடுக்காதேன்னு சொல்லி என் வயித்துல அடிச்சீங்க!" என்று கத்தினேன்.

பெரியப்பா கையில் லட்டோடு விழித்தார். "எந்த லெட்டரு? நான் எதுக்கு குடி வெச்சவன் கிட்ட போய்ப் பேசப் போறேன்? அங்கெல்லாம் உங்க அம்மாதானே போவா?"

பொய் சொல்கிற முகம் இல்லை அது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை. தான் செய்ததை, செய்யாததை எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர், இதைச் செய்திருந்தால் அன்றைக்கு முதல் ஆளாகச் சொல்லியிருப்பார்.

படியேறிப் போனேன். அம்மா அடுக்களையில் எனக்கென்று லட்டை ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது. திரும்பவில்லை.

"நீயாம்மா சொன்ன?"

"மோட்டார் போடப் போனப்ப அவங்க லெட்டர் பத்திச் சொன்னாங்க. தை வரைக்கும்தான் பொறுத்துக்கச் சொன்னேன். குடுக்கவே வேணாம்னு சொல்லல."

"பெரியப்பா சொல்லி விட்டாரா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குடி... எதுக்கும்மா?"

"டிசம்பர்லயே தெரிஞ்சிடும்னு சொன்ன இல்ல. அப்பறம் நீ கௌம்பற நாள எண்ணிக்கினே உக்காந்திருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் தெரியாமயே இருக்கட்டுமேன்னுதான்." டப்பாவை மூடினாள். "அவரு பேருல போயிடும்னு நெனச்சேன்."

பெரியப்பாவை வெறுத்த அத்தனை மாதங்களும் எவ்வளவு சுலபமாக இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவரைத் திட்டத் திட்ட, எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தவள் இவள். மெதுவாகப் பேசு என்றவள் இவள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கீழே இருப்பவர் மேல் அதுவரை வந்ததெல்லாம் இதற்கு உறைபோடக் காணாது.

"எப்ப கௌம்பணும்?" என்று கேட்டாள்.

வகுப்பு ஆவணியில்தான் தொடக்கம். ஆடி முழுக்க நான் வீட்டிலேயே இருக்கலாம்.

"ஆனியிலயே" என்றேன்.

கீழேயிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "கரெக்ட்டும்மா! ஆடி பொறக்கங்காட்டி கௌம்பிடணும். அதான் நல்லது."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, சித்திரை, வைகாசி என்று விரலை மடக்கினாள். மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் மடக்க எதுவும் இல்லாமல் என்னைப் பார்த்தாள்.